மேப்பில் விட்டதும் தொட்டதும்

வரைபடம் செய்கிறவர்களுக்கு வேலை இரண்டே இரண்டுதான். எதையெல்லாம் விட்டுவிடுவது என்று முடிவு செய்ய வேண்டும், விடாமல் வைத்ததற்கு என்ன கலர் கொடுப்பது என்று சண்டை போட வேண்டும். தொண்ணூறுகளின் பின்பாதியில் தொடங்கி பத்துப் பன்னிரண்டு வருஷம் திருவனந்தபுரத்தில் நான் இந்த இரண்டையும் செய்தேன். பழவங்காடியில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். கல்லூரியில் புவியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்து, அந்த வேலையை விட்டுவிட்டு வந்த லீலா டீச்சர்தான் முதலாளி. அவர், நான், நெய்யாற்றின்கரையிலிருந்து வரும் ஷாஜி என்று மூன்றே பேர். எங்கள் மூன்று பேரைவிடவும் அதிக இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய பிரிண்டர். அதற்கு பிளாட்டர் என்று பெயர்.

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் யாராவது உங்க கோமதி என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால், அம்மா "கம்ப்யூட்டர்ல கலர் அடிக்கறா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். நாள் முழுக்கப் பார்த்த வேலையைச் சாயங்காலம் வீட்டில் விளக்கத் தெரியாமல் முழித்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நீங்களும் என் கட்சிதான். மேலே படியுங்கள்.

ஒன்பது பச்சை

முதல் வருஷம் வந்த பெரிய வேலை, ஜில்லாவில் எங்கெங்கே என்ன விளைகிறது என்று காட்டும் வரைபடம். நெல், தென்னை, ரப்பர், மரவள்ளி, வாழை, முந்திரி, தேக்கு, காடு, புதர் என்று ஒன்பது வகை. வேலை கொடுத்தவர்கள் எல்லாமே பச்சையாக இருக்கட்டும், கேரளம் அல்லவா என்று சொல்லிவிட்டார்கள். திரையில் ஒன்பது பச்சையும் ஒன்பதாகத்தான் தெரிந்தன. பிளாட்டரிலிருந்து காகிதம் வெளியே வந்தபோது ஐந்தாகிவிட்டன. மழைக்காலம் வேறு. காகிதம் ஈரம் குடித்து, மை ஊறி, தென்னையும் ரப்பரும் ஒன்றாகிக் கிடந்தன. நாலு நாள் எண்களை மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தேன். ஒரு பச்சையைச் சரிசெய்தால் இன்னொரு பச்சை போய் மூன்றாவதோடு ஒட்டிக்கொண்டது.

ஐந்தாம் நாள் மத்தியானம் ஒரு பிளவுஸ் துணி வாங்க வேண்டியிருந்தது. ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் ஒரு மேட்சிங் சென்டர். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம், எல்லாருக்கும் அண்ணாச்சி. புடவைத் தலைப்பைப் பார்த்த மாத்திரத்தில் அடுக்கிலிருந்து சரியான துண்டை உருவிவிடுவார். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு ஏதோ தோன்றி, பையிலிருந்த மேப்பை எடுத்து விரித்தேன். என்னம்மா இது என்று கேட்கவில்லை. டியூப்லைட்டில் கலர் பார்க்கக் கூடாது என்று சொல்லி, மேப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை, ராமர் பச்சை, பாட்டில் கிரீன் என்று துண்டுகளை ஒவ்வொன்றாக அதன் மேல் வைத்துக்கொண்டே வந்தார். அடுத்தடுத்து வரும் இரண்டுக்கு ஒரே சாயலில் பச்சை கொடுத்ததுதான் என் தப்பு என்று புரிந்தது. எதை மாற்றலாம் என்று குறித்துக்கொண்டேன். அப்படியும் நெல்லும் மரவள்ளியும் பிரியவில்லை. அண்ணாச்சி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பச்சையும் பச்சையும் பக்கத்துல பக்கத்துல வந்தா நடுவுல ஒரு கரை வேணும் தாயி. கரை இல்லாத சேலைய யாரு உடுத்துவா?"

யாருக்கும் பிடிக்காத கலர்

ஒரு பஞ்சாயத்துக்கு வார்டு மேப். பெயர் வேண்டாம், எல்லாரும் நல்லவர்கள். பக்கத்து வார்டுகள் தனித்தனியாகத் தெரிய நாலைந்து கலர் இருந்தால் போதும். நான் யோசிக்காமல் சிவப்பு, பச்சை, காவி, நீலம் என்று கொடுத்து அனுப்பினேன். கேரளத்தில் பிறந்து வளர்ந்த ஒருத்தி இப்படிச் செய்யலாமா என்று நீங்கள் கேட்கலாம். டீச்சரும் அதைத்தான் கேட்டார்.

மறுநாள் காலையில் பஞ்சாயத்து பிரசிடெண்டும் ஆறு மெம்பர்களும் நேரே வந்துவிட்டார்கள். ஒரு மெம்பரின் வார்டு எதிர்க்கட்சிக் கொடியின் நிறத்தில் இருந்தது. இன்னொருவருக்கு, தன் வார்டு தன் கட்சி நிறத்தில் இருப்பதுதான் பயம். தானே சொல்லிப் போட்டதாக ஊரில் பேசுவார்களாம். ஏழு பேரும் என் நாற்காலியைச் சுற்றி நின்றுகொண்டு திரையைப் பார்த்தார்கள். மஞ்சள் போட்டேன், அது ஒரு சமுதாயச் சங்கத்தின் நிறம் என்றார்கள். கருநீலம் போட்டேன், அதற்கும் யாரோ இருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியது. ஷாஜி கீழே போய் எல்லாருக்கும் டீ வாங்கி வந்தான். கடைசியில் சாம்பல், சந்தனம், வெளிறிய ஊதா, பழைய கோணிச் சாக்கு நிறம் என்று நாலு வந்து நின்றன. பஞ்சாயத்து முழுக்கக் காய்ச்சலில் படுத்த மாதிரி இருந்தது. பிரசிடெண்ட் ஒவ்வொரு மெம்பராகத் திரும்பிப் பார்த்தார். எல்லார் முகமும் சுளித்திருந்தது. அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "யாருக்கும் பிடிக்கலை, இல்லையா? அப்போ இது மதி, இது போதும்."

வளையாத ரோடு

பொன்முடி போகிற வழியில் ஒரு விடுதி. விருந்தாளிகள் கையில் கொடுக்க உள்ளங்கை அளவில் ஒரு மேப் கேட்டார்கள். அத்தனை சின்னதாக்கினால் ரோட்டின் எல்லா வளைவையும் வைக்க முடியாது. தேவையில்லாத நெளிவுகளை எடுத்துவிடு என்று கம்ப்யூட்டரிடம் ஒரு எண் கொடுத்துச் சொல்வோம். நான் கொடுத்த எண் கொஞ்சம் பெரிசு. மலை ஏறுகிற கொண்டை ஊசி வளைவுகள் மொத்தமும் போய், ரோடு மூன்றே மூன்று மெல்லிய வளைவோடு உச்சிக்குப் போயிற்று. பார்க்க லட்சணமாக இருந்ததால் அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அந்த விடுதியில் ஜீப் ஓட்டும் விஜயன் என்பவர் ஆபீசுக்கு வந்தார். ரொம்பச் சாதுவான மனுஷர். கத்தவில்லை. விருந்தாளிகள் மேப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஏறுகிறார்களாம். நாலாவது வளைவில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்களாம். பத்தாவது வளைவில், டிரைவருக்கு வழி தெரியவில்லை என்று இங்கிலீஷில் பேச ஆரம்பிக்கிறார்களாம். அவருக்கு இங்கிலீஷ் நன்றாகவே புரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. இருபது வருஷமாக அந்த மலையில் வண்டி ஓட்டுகிறவர். நான் மன்னிப்புக் கேட்டு, வளைவுகளைத் திரும்பவும் போட்டுத் தருகிறேன் என்றேன். புதிதாக அச்சடித்து வரும்வரை என்ன செய்வது என்று அவர் கவலைப்பட்டார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சேச்சி, இந்த ஆளு சும்மா சுத்தலை, ரோடே அப்படித்தான்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா?"

ஷாஜியின் கண்

ஷாஜியின் கை மாதிரி ஒரு கையை நான் பார்த்ததில்லை. ஆற்றின் கரையைத் திரையில் இழுத்தால் தண்ணீர் ஓடுவது போல இருக்கும். கலரிலும் அவன்தான் வேகம். எண்களை மனப்பாடமாக வைத்திருப்பான். இந்தப் பச்சைக்கு இந்த மூன்று எண், அந்தச் செம்மண்ணுக்கு அந்த மூன்று எண் என்று தட்டிக்கொண்டே போவான். மூன்று வருஷம் அப்படிப் போயிற்று.

பிறகு புதிய மென்பொருள் வந்தது. அதில் எண் அடிக்க வேண்டியதில்லை. சின்னச் சின்னக் கட்டங்களில் கலர் இருக்கும், பார்த்துத் தொட்டால் போதும். எனக்கு ஒரே சந்தோஷம். ஷாஜி மட்டும் அன்று காலையிலிருந்து அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். மத்தியானம் அவன் முடித்து வைத்த மேப்பைப் பார்த்தேன். ரப்பர் தோட்டமெல்லாம் செங்கல் சிவப்பு, வீடுகளெல்லாம் இலைப்பச்சை. கிண்டலுக்குச் செய்திருக்கிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. டீக்கடையில் வைத்துத்தான் சொன்னான். சிவப்பும் பச்சையும் அவனுக்கு ஒரே மண் நிறமாகத்தான் தெரியுமாம். ரயில்வேயில் கிடைக்கவிருந்த வேலை, கண் பரிசோதனையில் புள்ளிப் புள்ளியாக ஒரு புத்தகத்தைக் காட்டியபோது போய்விட்டதாம். இங்கே எண் இருந்ததால் பிழைத்தான். டீச்சரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். கலர் தெரியாதவனைக் கலர் வேலைக்கு யார் வைத்துக்கொள்வார்கள் என்றான். இரண்டு மாதம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மேல் வரிசையில் மூணாவது, கீழே அஞ்சாவது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

நாத்தனார் கல்யாணத்துக்காக ஒரு வாரம் நான் லீவு போட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே, கட்டத்தை எண்ணிச் சொல்ல ஆளில்லாமல் அவன் மாட்டிக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன். நினைத்தபடியே, டீச்சருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. ஷாஜி நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தான். டீச்சர் நாங்கள் செய்த பழைய மேப்புகள் நாலை எடுத்து மேசையில் பரப்பி, இதில் உனக்கு எது புரியவில்லை என்று சொல் என்று மட்டும் அவனிடம் கேட்டார். அவன் இரண்டைத் தொட்டான். அதில் ஒன்று வெள்ளம் வரும் இடங்களைக் காட்டுவது. ஆபத்தான இடம் சிவப்பு, பத்திரமான இடம் பச்சை. அவன் கண்ணுக்கு ஆற்றங்கரை முழுக்க ஒரே நிறம். அந்த மேப் ஆற்றங்கரை ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. டீச்சர் அந்த மேப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, அந்த ஊர்களில் ஷாஜி மாதிரி எத்தனை பேர் இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்களோ என்றார். சிவப்பையும் பச்சையையும் எடுத்துவிட்டு அடர்நீலமும் வெளிர்மஞ்சளுமாகப் போட்டு மறுபடி அச்சடித்து அனுப்பினோம். அன்றைக்குப் பிறகு ஷாஜி பார்த்து ஓரத்தில் கையெழுத்துப் போடாமல் ஒரு மேப்பும் ஆபீஸ் வாசலைத் தாண்டியதில்லை. முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை மூடிக்கொண்டே அவன் சொன்னான்: "இந்தக் கண்ணாலதான் ஒரு வேலை போச்சு. இதே கண்ணுக்கு இப்போ வேலை கிடைச்சிருக்கு, சேச்சி."

கிணற்று நீர்

கிணறுகளில் உப்பு எவ்வளவு இருக்கிறது என்று ஊர் ஊராகக் காட்டும் வரைபடம். அளவுகளை ஐந்து வகுப்பாகப் பிரித்து, குறைவாக இருந்தால் வெளிர்நிறம், கூடக்கூட அடர்நிறம். இதில் ஒரு சங்கதி உண்டு. வகுப்பை எங்கே வெட்டுகிறோம் என்பது நம் கையில். வெட்டும் எண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால், அடர்ந்த ஊர் வெளுத்துவிடும். உப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

வேலையை மேற்பார்வை பார்த்த அதிகாரிக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் இருந்தது. கடலோரமாக ஒரு ஊரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். போன மாதம்தான் கிணறு தோண்டி முடித்ததாகச் சொன்னார். மேப்பில் அந்த ஊர் இருப்பதிலேயே அடர்ந்த கலரில் இருந்தது. எண்ணை நகர்த்தினால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். நகர்த்திக் காட்டினேன். ஊர் வெளுத்தது. இன்னொரு தடவை காட்டச் சொன்னார். முன்னும் பின்னுமாக நாலைந்து தடவை காட்டியிருப்பேன். வெளுத்த மேப்பை அப்படியே கேட்டுவிடுவாரோ, கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே எண்ணை நகர்த்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு எழுந்தார்: "பழையபடியே இருக்கட்டும் அம்மா. நாம கலரை மாத்தினது கிணத்துக்குத் தெரியாதே."

போனக்காட்டில் ஐந்து வீடு

இதை எழுத இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. தப்பு முழுக்க என்னுடையது.

மலையோர ஊர்களுக்கு மாதம் இரண்டு தடவை மருத்துவ வண்டி அனுப்ப ஒரு துறை திட்டம் போட்டது. வண்டி எங்கெங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்க, குடியிருப்புகளைக் காட்டும் மேப் கேட்டார்கள். பெரிய மேப்பைச் சின்னதாக்கும்போது எல்லா வீட்டையும் வைக்க இடம் இருக்காது. அதற்காக ஒரு விதி வைத்துக்கொள்வோம். இந்த வேலைக்கு விதி எழுதியது நான். ஓரிடத்தில் பத்துக் கட்டடத்துக்குக் குறைவாக இருந்தால் விட்டுவிடலாம் என்று எழுதினேன். கம்ப்யூட்டர் ஒரு நிமிஷத்தில் விட்டுவிட்டது. சுத்தமான மேப். எனக்கே என் மேல் மதிப்பு வந்தது.

ஒரு நாள் மத்தியானம் ஐம்பது வயது இருக்கும் ஒரு பெண் கையில் ஒரு சீட்டோடு வந்தார். பெயர் செல்லத்தாய். போனக்காட்டில் தேயிலை பறிக்கிறவர். பேச்சில் தென்பாண்டி வாடை. மருமகளுக்கு ஏழு மாதம், கால் வீங்கியிருந்தது. மருத்துவ வண்டி மலை அடிவாரத்தோடு திரும்பிவிடுகிறது, மேலே ஏறுவதில்லை. ஏன் என்று அந்தத் துறையில் போய்க் கேட்டிருக்கிறார். மேப்பில் அங்கே குடியிருப்பே இல்லை என்று சொல்லி, எங்கள் விலாசத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் கோபமாக வரவில்லை. எங்கேயோ தபால் மாறிப்போன மாதிரி, அதைச் சரிசெய்துகொண்டு போகலாம் என்றுதான் வந்திருந்தார்.

மூல மேப்பை எடுத்துப் பார்த்தேன். தேயிலைக்கு நடுவே நீளமாக, ஒல்லியாக ஐந்து கட்டடம், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்கள். ஐந்து பத்தைவிடக் குறைவு, அதனால் போய்விட்டது. ஒரு லயத்தில் எத்தனை குடும்பம் என்று அவரிடம் கேட்டேன். அவர் விரல் மடக்கி, முதல் லயத்தின் முதல் வாசலிலிருந்து பெயர் பெயராகச் சொல்ல ஆரம்பித்தார். நான் எழுதிக்கொண்டே வந்தேன். மூன்றாவது லயத்தில் என் காகிதம் தீர்ந்துவிட்டது. ஷாஜி இன்னொன்று கொண்டு வந்து வைத்தான். முடியும்போது ஐம்பது குடும்பத்துக்கு மேல் இருந்தது. ஐம்பது வீட்டை நான் ஐந்தாக எண்ணி, ஐந்தையும் இல்லை என்று ஆக்கியிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தப்பு என்னுடையதுதான் அக்கா என்று சொன்னேன். அவருக்கு அது சரியாகப் புரியவில்லை. எழுதியாச்சு இல்லையாம்மா, அது போதும் என்று சொல்லி பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. அந்தப் பெயர்ப் பட்டியலைப் படித்துவிட்டு, புது மேப் எப்போது தயார் ஆகும் என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலை நாங்கள் இரண்டு பேரும் அந்தத் துறைக்குப் போனோம். வண்டி நிற்கும் ஊர்களின் பட்டியல் முடிவாகிவிட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். டீச்சர் அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தப்பு எங்கள் ஆபீசுடையது, அதற்கு ஒரு கர்ப்பிணிப் பெண் ஏன் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்று, குரலை உயர்த்தாமல், வந்த ஒவ்வொரு அதிகாரியிடமும் முதலிலிருந்து சொன்னார். மூன்று நாள் போய் உட்கார்ந்தோம். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு அதிகாரி பேனாவை எடுத்து அந்தப் பட்டியலில் போனக்காட்டைச் சேர்த்தார். அடுத்த நடைக்கு வண்டி மேலே ஏறியது. மருமகளுக்கு ரத்த அழுத்தம் அதிகம் என்று பார்த்து, அன்றே அந்த வண்டியிலேயே கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.

குழந்தை பிறந்து ஒரு மாதம் கழித்து செல்லத்தாய் மறுபடி வந்தார். பேத்தி என்றார். இரண்டு பேரும் சுகம் என்றார். நான் புது மேப்பை விரித்துக் காட்டினேன். விட்ட குற்றத்துக்கு ஈடாக, ஐந்து லயத்தையும் ஐந்து கனத்த பட்டையாக, பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்தைவிடப் பெரிதாகப் போட்டிருந்தேன். அவர் குனிந்து விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். தன் லயம் எது என்று கேட்டார். காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தார்: "எதுக்கும்மா இம்புட்டுப் பெருசு? சின்னதாப் போட்டாலும் போதும், இருக்கோம்னு தெரிஞ்சா சரி."

இப்போதெல்லாம் எந்த ஊருக்கும் வழி கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது, தப்பாக வந்தால் நேரில் போய்க் கேட்பதற்குத்தான் ஒரு கோமதி கிடைப்பதில்லை.